பெட்டிக்குள் ஒரு பாதாளம்!



தலைப்பைப் பார்த்ததும், "இவன் என்னப்பா, விட்டலாச்சார்யா படக் கதை சொல்லப் போறானா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதுவும் பாடம்தான். என்ஜினியரிங் டிராயிங், கணக்கில் வரும் நிகழ்தகவு, வேலைத் திட்டம் ஆகிய மூன்றும் கலந்த பாடம். ஆனால் பரீட்சையில் வராது. அதனால் தைரியமாகப் படிக்கலாம்!

நான் எழுத எடுத்துக்கொண்ட பொருள், கற்பனை வேட விளையாட்டுகளில் வரும் 'டன்ஜன்' பெட்டி. டன்ஜன் என்றால் நிலவறை, பாதாளச் சிறை. 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. தஞ்சையில் பழுவேட்டரையர் மாளிகைக்குக் கீழே இருக்கும் நிலவறையில் வந்தியத்தேவன் மாட்டிக்கொண்டு வழி தேடுவானே, அந்த மாதிரி இடம். அங்கே வந்தியத்தேவன் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதைக் கல்கி முடிவு செய்தார். இந்த விளையாட்டில் நாம் முடிவு செய்கிறோம். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அது சின்ன வித்தியாசம் இல்லை!

1. முதலில் நம்ம வீட்டுப் பெட்டி

வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்காகப் பரமபதம் ஆடாத வீடு நம் பக்கத்தில் குறைவு. ஏணி என்றால் புண்ணியம், பாம்பு என்றால் பாவம், உச்சியில் பரமபதம். இதே விளையாட்டு இங்கிலாந்துக்குப் போய் 1890களில் 'ஸ்நேக்ஸ் அண்ட் லேடர்ஸ்' என்ற பெயரில் பெட்டியில் விற்பனைக்கு வந்தது.

பரமபதத்தில் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறீர்களா? எல்லாக் கட்டமும் முன்பே நிரப்பப்பட்டது. எந்தக் கட்டத்தில் பாம்பு, எந்தக் கட்டத்தில் ஏணி என்று அச்சிட்டவர் தீர்மானித்துவிட்டார். எத்தனை கட்டம் நகர்வது என்று பகடை தீர்மானித்துவிடும். ஆடுபவருக்கு மிச்சம் இருப்பது உருட்டுகிற வேலை மட்டும்! "விதிப்படி நடக்கும்" என்று சொல்ல வந்த விளையாட்டுக்கு அது பொருத்தம்தான். குறை சொல்லவில்லை.

தாயத்தில் கொஞ்சம் முன்னேற்றம். விழுந்த எண்ணை எந்தக் காய்க்குக் கொடுப்பது, வெட்டுவதா, மலையேறிப் பிழைப்பதா என்று யோசிக்க இடம் உண்டு. நிலவறைப் பெட்டி இதே வழியில் இன்னும் பத்து படி மேலே போன விளையாட்டு.

2. செருப்பு தைத்தவரும் ஒரு பெட்டியும்

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்று ஒரு சின்ன ஊர். அங்கே கேரி கைகாக்ஸ் என்பவர் இருந்தார். சிகாகோவில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் ஆபத்தை எடை போட்டு பிரீமியம் கணக்கிடும் வேலை பார்த்தவர். 1970இல் அந்த வேலை போயிற்று. வீட்டில் செருப்பு ரிப்பேர் செய்து குடும்பத்தைப் பார்த்துக்கொண்டே, இரவில் போர் விளையாட்டுகளுக்கு விதி எழுதினார். பக்கத்து மாநிலமான மினசோட்டாவில் டேவ் ஆர்னிசன் என்ற இளைஞர், பிளாக்மூர் என்ற கற்பனைக் கோட்டைக்கு அடியில் நிலவறை வரைந்து, நண்பர்களை ஒவ்வொரு அறையாக அழைத்துப் போனார். ஒருவருக்கு ஒரு பாத்திரம் என்ற கணக்கு. இரண்டு பேரும் சேர்ந்தார்கள்.

1974இல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது. மரப் பலகை போல அச்சிட்ட ஓர் அட்டைப் பெட்டி, உள்ளே மூன்று சிறு புத்தகங்கள், விலை 10 டாலர். முதல் பதிப்பு 1,000 பிரதிகள்தான். பெட்டிகளைக் கையாலேயே அடுக்கினார்கள். டி.எஸ்.ஆர். என்ற அவர்களுடைய கம்பெனியை 1997இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியது. அதை 1999இல் ஹாஸ்ப்ரோ வாங்கியது. விளையாட்டு 2024இல் பொன்விழாவையும் கண்டுவிட்டது.

நம்ம நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 2022இல் வந்த ஒரு சாகசத் தொகுப்பில், கொல்கத்தாவில் பிறந்த எழுத்தாளர் மிமி மண்டல், வங்காளத்தின் ஆறுகளையும் சதுப்பு நிலங்களையும் மனதில் வைத்து ஒரு கதைக்களம் எழுதியிருக்கிறார்.

3. பெட்டிக்குள் என்ன இருக்கும்?

பதிப்புக்குப் பதிப்பு மாறினாலும் அடிப்படை ஐந்துதான்.

அ) விதிப் புத்தகம். 2014இல் வந்த ஆரம்பப் பெட்டியில் இது வெறும் 32 பக்கம்.

ஆ) சாகசப் புத்தகம். அதே பெட்டியில் 64 பக்கம். எந்த அறையில் என்ன இருக்கிறது என்ற குறிப்பு. இதை நடுவர் மட்டும் பார்க்கலாம்.

இ) வரைபடம். கட்டம் போட்ட தாளில் நிலவறையின் பிளான். பழைய வழக்கப்படி ஒரு கட்டம் 10 அடி.

ஈ) பகடைகள். 4, 6, 8, 10, 12, 20 முகங்கள். இதில் 10 முகத்தை விட்டுவிட்டால் மீதி ஐந்தும் வடிவக் கணிதத்தின் ஐந்து ஒழுங்குத் திண்மங்கள்.

உ) பாத்திரத் தாள். உங்கள் ஆள் யார், என்ன பலம், கையில் என்ன சாமான் என்ற பட்டியல்.

ஒருவர் நடுவர். மூன்று முதல் ஐந்து பேர் ஆட்டக்காரர்கள். நடுவர் பார்த்ததைச் சொல்வார். ஆட்டக்காரர் செய்வதைச் சொல்வார். சந்தேகம் வந்தால் பகடை சொல்லும். இவ்வளவுதான் ஆட்டம்!

4. நிரப்பாமல் விட்ட இடம்

இப்போதுதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். நல்ல நிலவறைப் பெட்டி எதுவும் முழுதாக நிரப்பப்பட்டதல்ல. வேண்டுமென்றே காலியிடம் விட்டிருப்பார்கள்.

1970களின் இறுதியில் ஆரம்பப் பெட்டியோடு 'இன் சர்ச் ஆஃப் தி அன்நோன்' என்ற சாகசத்தைக் கொடுத்தார்கள். எழுதியவர் மைக் கார். அறையின் வர்ணனை அச்சில் இருக்கும். ஆனால் அந்த அறையில் என்ன ஜந்து, என்ன புதையல் என்ற இடத்தில் வெறும் கோடு! புதிதாக வரும் நடுவர் தானே பேனாவால் நிரப்ப வேண்டும். 'கோடிட்ட இடத்தை நிரப்புக' என்று நாம் எழுதாத பரீட்சையா? ஆனால் இங்கே சரியான விடை என்று ஒன்றும் கிடையாது.

1991இல் எட் கிரீன்வுட் எழுதிய 'ரூயின்ஸ் ஆஃப் அண்டர்மவுண்டன்' பெட்டியிலும் இதே கதை. மேஜையை மறைக்கும் அளவுக்குப் பெரிய வரைபடங்கள். ஆனால் அறைகளில் ஒரு பகுதிக்குத்தான் குறிப்பு உண்டு. மற்றதெல்லாம் நடுவர் பொறுப்பு.

பகடையில்கூட இது உண்டு. அந்தக் காலப் பெட்டிகளில் வந்த பிளாஸ்டிக் பகடையின் எண்களுக்கு மை பூசியிருக்காது. கூடவே ஒரு கிரேயான் வைத்திருப்பார்கள். நீங்களே தேய்த்து எண்ணைத் தெரிய வைக்க வேண்டும். 1979 வாக்கில் பகடைக்கே தட்டுப்பாடு வந்தபோது, எண் அச்சிட்ட அட்டையைப் பெட்டியில் போட்டு, 'வெட்டி எடுத்து டம்ளரில் குலுக்கிக்கொள்ளுங்கள்' என்று அனுப்பினார்கள். யாரும் ஆட்டத்தை நிறுத்தவில்லை.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த பாடம்: பாதிப் பெட்டி கம்பெனி செய்வது, மீதிப் பெட்டி ஆடுபவர் செய்வது. அப்படியென்றால், வெளிநாட்டுப் பெட்டியின் விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதைவிட, முழுப் பெட்டியையும் நாமே செய்தால் என்ன? லேத்திலும் டிராயிங் போர்டிலும் கை பழகிய நமக்கு இது முடியாத காரியமா?

5. நாமே செய்வோம்: வரைபடம்

மில்லிமீட்டர் கிராஃப் தாள் ஒன்று போதும். 1 செ.மீ. என்பது 10 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 அடி என்பது 304.8 செ.மீ. ஆகவே அளவுகோல் ஏறத்தாழ 1:305. சிவில் நண்பர்கள் வசதிக்காக 1:300 என்றே வைத்துக்கொள்ளட்டும், பாதாளத்தில் யாரும் டேப் போட்டுப் பார்க்க மாட்டார்கள்!

முதல் தடவைக்குப் பன்னிரண்டு அறை போதும். எந்த அறையில் என்ன வைப்பது? 1981 பதிப்பில் டாம் மோல்ட்வே ஓர் எளிய வழி சொன்னார். அறைக்கு ஒருமுறை ஆறுமுகப் பகடை உருட்டுங்கள். 1, 2 விழுந்தால் ஜந்து. 3 விழுந்தால் பொறி. 4 விழுந்தால் ஏதாவது விசேஷம் (பேசும் சிலை, திறக்காத கதவு இப்படி). 5, 6 விழுந்தால் காலி அறை. சராசரிக் கணக்குப்படி பன்னிரண்டு அறையில் நான்கு காலி! காலி அறை வீண் இல்லை. அங்கேதான் ஆட்டக்காரர்கள் மூச்சு விடுவார்கள், சந்தேகப்படுவார்கள், திட்டம் போடுவார்கள்.

இன்னொரு முக்கியமான விதி. அறைகளை ஒரே வரிசையில் கோக்காதீர்கள். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்கொளத்தூர், மறைமலை நகர், அப்புறம்தான் சிங்கப்பெருமாள் கோவில். மாற்று வழி கிடையாது. ரயிலுக்கு அது சரி, நிலவறைக்குச் சரிப்படாது. நம்ம ஊர்க் கோயிலை நினைத்துப் பாருங்கள். நரசிம்மர் குடைவரையில் மலையோடு மலையாக இருப்பதால், அவரை வலம் வர மலையையே சுற்ற வேண்டும். புறப்பட்ட இடத்துக்கே வேறு பக்கமாக வந்து சேர்கிறோம். உங்கள் பிளானிலும் அப்படி இரண்டு சுற்றுப்பாதையாவது இருக்கட்டும். "முன்னாடி போலாமா, பின்பக்கமா வரலாமா?" என்று ஆட்டக்காரர் வாதாட ஆரம்பித்தால், உங்கள் பிளான் பாஸ்!

6. நாமே செய்வோம்: பகடை

இருபது முகப் பகடைக்கு எங்கே போவது? போகவே வேண்டாம். பாட்டி வீட்டுத் தாயக்கட்டை இருக்கிறதே! நான்கு முகம், புள்ளிகள் 1, 2, 3, ஒரு முகம் வெறுமை. இரண்டையும் உருட்டினால் மொத்தம் 16 விதமாக விழும். கூட்டிப் பார்த்தால்:

1 (தாயம்): 2 வழி
2: 3 வழி
3: 4 வழி
4: 3 வழி
5: 2 வழி
6: 1 வழி
இரண்டும் வெறுமை (எங்கள் வீட்டு வழக்கப்படி பன்னிரண்டு): 1 வழி

தாயம் விழ வாய்ப்பு 16க்கு 2, அதாவது எட்டில் ஒன்று. தாயம் விழாமல் அரை மணி உட்கார்ந்திருந்தவர்களுக்கு இப்போது காரணம் புரிந்திருக்கும்!

ஆனால் நமக்கு எல்லா எண்ணும் சமமாக விழ வேண்டும். அதற்கு ஒரு தந்திரம். ஒரு கட்டையில் நூல் கட்டி அதை 'அண்ணன்' என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றது 'தம்பி'. அண்ணன் காட்டுவதை 4ஆல் பெருக்கித் தம்பி காட்டுவதைக் கூட்டுங்கள். அண்ணன் 2, தம்பி 3 என்றால் 2 × 4 + 3 = 11. இப்படி 0 முதல் 15 வரை பதினாறு எண்ணும் சம வாய்ப்பில் வரும். கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்கள் சிரிப்பது தெரிகிறது. ஆமாம், இரண்டு இலக்க நான்கடிமான எண்தான்!

சாதாரண வேலைக்கு 8 அல்லது மேல் விழ வேண்டும் என்று வைத்தால் வாய்ப்பு 50 சதவீதம். சுலபமான வேலைக்கு 4, அதாவது 75 சதவீதம். கஷ்டமான வேலைக்கு 12, அதாவது 25 சதவீதம். அந்த வேலையில் தேர்ந்த ஆள் என்றால் விழுந்த எண்ணோடு 2 சேர்த்துக்கொள்ளலாம். அப்போது 8 வேண்டிய இடத்தில் 6 விழுந்தால் போதும், வாய்ப்பு 62.5 சதவீதம் ஆகிவிடும்.

7. தீப்பந்தக் கணக்கு

ஆட்டத்தில் என்னை மிகவும் கவர்ந்தது இதுதான். 1981 விதிப்படி ஒரு சுற்று 10 நிமிடம். ஒரு தீப்பந்தம் ஆறு சுற்று எரியும். தெரியாத இடத்தில், படம் வரைந்துகொண்டு, ஜாக்கிரதையாக நடந்தால் சுற்றுக்கு 120 அடி. ஆக ஒரு பந்தத்துக்கு 720 அடி. நிற்காமல் நடந்தாலும் உள்ளே 360 அடிதான் போகலாம், திரும்பி வரவும் வெளிச்சம் வேண்டுமே!

அதோடு, இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நடுவர் ஆறுமுகப் பகடை உருட்டுவார். 1 விழுந்தால் அலையும் ஜந்து ஒன்று எதிரே வரும். ஒரு பந்தம் எரியும் நேரத்தில் மூன்று உருட்டல். ஒன்றுமே வராமல் இருக்க வாய்ப்பு 5/6 × 5/6 × 5/6 = 125/216. ஆக ஏதாவது வர வாய்ப்பு 91/216, சுமார் 42 சதவீதம். இரண்டு பந்த நேரம் உள்ளே இருந்தால் அது சுமார் 67 சதவீதம். "இன்னும் ஒரே ஒரு ரூம் பாத்துட்டுப் போலாம்டா" என்பதன் விலை என்ன என்று இப்போது தெரிகிறதா?

வந்த ஜந்து உடனே கடிக்குமா? அதற்கும் கணக்கு உண்டு. இரண்டு ஆறுமுகப் பகடையைச் சேர்த்து உருட்டுங்கள். 2 விழுந்தால் உடனே தாக்கும். 3 முதல் 5 என்றால் முறைக்கும். 6 முதல் 8 என்றால் தயங்கும். 9 முதல் 11 என்றால் தாக்காது. 12 என்றால் நட்பு! உடனே பாய வாய்ப்பு 36இல் ஒன்றே ஒன்று. தயங்குவதற்கு 36இல் 16. அதனால் கத்தியை உருவுவதற்கு முன் வாயைத் திறப்பவனே பிழைக்கிறான். அந்தப் பதிப்பில் அனுபவப் புள்ளிகூட ஜந்துவைக் கொன்றால் கொஞ்சம், புதையலை வெளியே கொண்டுவந்தால் நிறைய. சண்டைதான் வீரம் என்று நினைப்பவருக்கு இது நல்ல மருந்து.

8. ஆடும்போது எப்படி இருக்கும்?

எங்கள் குழு கிராஃப் தாளில் வரைந்த 'ஏரி மதகு நிலவறை'யில் நடந்தது இது. பெயர் வேண்டாம், பிரிவு போதும்.

நடுவர்: படி இறங்கி வந்துட்டீங்க. சின்ன அறை. எதிரே கதவு கிடையாது. தரையில ஈரம். பந்தத்தோட தீ கொஞ்சம் சாயுது.

மெக்கானிக்கல்: வழி இல்லன்னா திரும்பிடலாம் மச்சான். பந்தம் பாதி காலி.

எலக்ட்ரிக்கல்: இரு இரு. சுவத்தைத் தட்டிப் பாக்கறேன்.

சிவில்: தட்ட வேணாம்டா. தீ எந்தப் பக்கம் சாயுது?

நடுவர்: வடக்குப் பக்கமா.

சிவில்: அப்போ தெக்க இருந்து காத்து வருது. தெற்குச் சுவத்துல எங்கயோ இடுக்கு இருக்கு. ஈரமும் அங்கதான் ஜாஸ்தியா?

நடுவர்: ...ஆமா.

சிவில்: அது சுவரே இல்ல. அடைச்சு வெச்ச மதகு!

அதற்கு நடுவர் பகடையே உருட்டவில்லை. சரியாக யோசித்தவனுக்குப் பகடை எதற்கு?

அந்த சிவில் நண்பனைப் பற்றி ஒரு வார்த்தை. பத்தாவது வரை தமிழ் மீடியம். வகுப்பில் கேள்வி கேட்டால் விடை தெரிந்தும் எழுந்து நிற்பான், வாய் திறக்காது. வைவா என்றால் முதல் நாள் காய்ச்சல். நம்மில் எத்தனை பேர் அப்படி! அவனுக்குத் தெரியாமல் இல்லை, தப்பாகச் சொல்லிவிடுவோமோ, ஆங்கிலம் இடறுமோ என்ற பயம். நிலவறையில் தமிழில் கேட்கலாம், தப்பாகக் கேட்கலாம், ஒன்றுமே பேசாவிட்டால் மட்டும் பந்தம் அணைந்துவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே இந்தப் பெட்டி நம் கல்லூரிக்கு வேண்டும் என்கிறேன்.

9. சில எச்சரிக்கைகள்

வீட்டில், "பேய் பிசாசு வெச்சு வெளையாடறீங்களா?" என்று கேட்கலாம். 1980களில் அமெரிக்காவிலேயே சில பெற்றோரும் மத அமைப்பினரும் இதைக் கேட்டு எதிர்த்தார்கள். அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு ஆட்டம் ஆடிக் காட்டுங்கள். தீப்பந்தக் கணக்கு நம்மைவிட அவர்களுக்குச் சுலபமாக வரும், மாதக் கடைசியில் கேஸ் சிலிண்டரை ஓட்டுகிறவர்கள் ஆயிற்றே!

அடுத்தது உரிமை. 2023 ஜனவரியில் இந்த விளையாட்டின் அடிப்படை விதித் தொகுப்பு ஒன்றைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள். மூலத்துக்கு உரிய நன்றியைக் குறிப்பிட்டு யாரும் அதைத் தமிழில் பெயர்க்கலாம். ஆனால் அவர்கள் விளையாட்டின் பெயரை நம் பெட்டி மேல் போடக்கூடாது. அது அவர்களுடைய வணிகப் பெயர். நமக்குப் பெயரா பஞ்சம்?

கடைசியாக, செமஸ்டர் நேரத்தில் பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிடுங்கள். அரியர் என்ற ஜந்துவுக்குத் தயக்கமே கிடையாது, பார்த்தவுடன் பாயும்!

10. ஒரு வேண்டுகோள்

மாணவர் மன்றத்துக்கு என் யோசனை இது. வரும் ஆண்டில் ஒவ்வொரு பிரிவும் நிலவறையின் ஒரு தளத்தை வரைந்து தரட்டும். சிவில் பிரிவு மதகும் சுரங்கமும் போடட்டும். மெக்கானிக்கல் பிரிவு பல்சக்கரப் பொறி வைக்கட்டும். எலக்ட்ரிக்கலும் எலக்ட்ரானிக்ஸும் பூட்டு வைக்கட்டும். கம்ப்யூட்டர் பிரிவு புதிர் போடட்டும். தாயக்கட்டை ஒரு ஜோடி, லூடோ பகடை இரண்டு, கிராஃப் தாள் பத்து, பென்சில் ஐந்து, ஒரு பழைய ஷூ டப்பா. செலவு ஒரு டீ பார்ட்டிக்கு மேல் போகாது. மன்ற அறையில் வைத்துவிட்டால் அடுத்தடுத்த ஜூனியர்கள் ஆடட்டும்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். ஒவ்வொரு தளத்திலும் மூன்றில் ஒரு பங்கு அறையைக் காலியாகவே விட்டுவிடுங்கள். அதை அடுத்து வருபவர்கள் நிரப்பிக்கொள்ளட்டும்.

பந்தம் ஏற்றியாயிற்று. யார் முதலில் இறங்குவது?